அலுமினியத்தில் விரிசல்: பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவடைக் காலத்தில் மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்துப் பட்டறைகளுக்கு விரிசல் விட்ட அலுமினிய உறைகளும் தாங்கிகளும் வந்தால், ‘சரக்கு மட்டம்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது அவசர முடிவு. உடைப்பதற்குத் தேவையான சுமையைவிட மிகக் குறைந்த சுமையே லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கி விரிசலை வளர்த்திருக்கக்கூடும். இதையே உலோகச் சோர்வு என்கிறோம்.

வார்ப்பையும், உருட்டியோ அடித்தோ உருவாக்கிய அலுமினியத்தையும் ஒன்றாக எண்ணுவதுதான் பெரிய தவறு. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு, இறுகும்போது அதை வைத்திருக்க முடியாமல் நுண்துளைகளாக விட்டுவிடுகிறது. சுவாமிமலையில் காவிரி வண்டலால் செய்த அச்சைச் சுட்டு, ஈரம் போக்கிய பிறகே வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். அந்த எச்சரிக்கை அலுமினியம் வார்ப்பவருக்கும் வேண்டும். மேற்பரப்புக்கு அருகில் ஒரு துளையோ ஆக்சைடு படலமோ இருந்தால் அதுவே முதல் நாளிலிருந்து விரிசலாக வேலை செய்யும். 6061 என்ற அலுமினியக் கலவையின் வழவழப்பான பட்டையிலோ, விரிசல் தோன்றுவதற்கே ஆயுளின் பெரும்பகுதி கழிந்துவிடலாம். ஆகவே பட்டைக்குச் சோதித்த ஆயுள் கணக்கை வார்ப்புக்குப் பொருத்துவது ஆபத்து.

எஃகுப் பழக்கத்தில், ‘இந்தச் சுமைக்குக் கீழே என்றும் உடையாது’ என்று நம்புவதும் தவறு. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு இல்லை. கையேடுகளில் காணும் சோர்வு வலிமை பெரும்பாலும் 50 கோடி சுழற்சிகளுக்கு (சுமை ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு சுழற்சி) மட்டுமே உரியது.

சுமையைச் சற்றே கூட்டினால் ஆயுளும் சற்றே குறையும் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. பாரிஸ், எர்டோகன் என்ற ஆய்வாளர்கள் 1963-இல் வெளியிட்ட விதியின்படி, ஒரு சுழற்சிக்கு விரிசல் வளரும் அளவு, விரிசல் முனையின் தகைவுச் செறிவு வீச்சின் (முனையில் குவியும் இழுவிசைத் தாக்கம் ஏறி இறங்கும் அளவின்) அடுக்குக்கேற்ப உயர்கிறது. அலுமினியத்தில் அந்த அடுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 வரை இருப்பதால், அதே விரிசலுக்குச் சுமை வீச்சு இரட்டித்தால் வளர்ச்சி 8 முதல் 16 மடங்காகும்.

விரிசலின் மேல் வெல்டிங் பூசி மறைப்பது, என் கருத்தில், பழுதுபார்ப்பே அன்று: முனை உள்ளே அப்படியே இருக்கும், வெப்பம் பட்ட பகுதியில், வெப்பப் பதப்படுத்தி வலுவூட்டிய 6061-டி6 கலவை வலிமையையும் இழக்கும். விரிசல் மேலும் வளராமல் துளையிட்டு நிறுத்துவதென்றால் துளை முனையையே விழுங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் விரிசல் ஓடியிருப்பதால், சாயம் ஊடுருவவிட்டு முனை எங்கே என்று பார்த்த பின்பே துளைக்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் உப்புக்காற்று வளர்ச்சியை விரைவாக்கும் என்பதால், தஞ்சாவூரில் போதுமான பரிசோதனை இடைவெளி அங்கே போதாது.