மூன்றாண்டுப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது எப்படி?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் தருகிறது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். போன வருடத் தாளில் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்கும் பழக்கமும் பல ஊர்களில் உண்டு. அந்தத் தாளை நம்பி யாரும் நிதி ஒதுக்க மாட்டார்கள்.

மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது. டிசம்பருக்குள் திட்டம் தயாராக வேண்டும்.

முதலில் தலைக்கணக்கு. ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இப்போது 56 பிள்ளைகள் என்று வையுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து 9 பேர் போகிறார்கள். அங்கன்வாடிப் பதிவேட்டில் ஒன்றாம் வகுப்புக்குத் தயாராக 14 பேர். அடுத்த ஆண்டு 61. சட்ட அட்டவணைப்படி 60 வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை என்பதால் மூன்றாவது அறையையும் கேட்கலாம். அந்த ஒரு பிள்ளை வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போனால் இரண்டுமே போச்சு! ஆகவே 14 வீட்டுக்கும் நேரில் போய்க் கேளுங்கள். அங்கன்வாடியின் சின்னப் பிள்ளைகளை வைத்து அடுத்த இரண்டு ஆண்டுகளையும் கணக்கிடுங்கள். செங்கல் சூளைக்கு வந்துபோகும் குடும்பத்துப் பிள்ளைகளைத் தனியாக எழுதுங்கள். கலந்து எழுதினால் சீசன் முடிந்ததும் கணக்கு பொய்யாகும்.

அடுத்து, பள்ளியைச் சுற்றி வாருங்கள். ‘கழிப்பறை சரியில்லை’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘பெண்கள் கழிப்பறை இரண்டில் ஒன்றில் தண்ணீர் இல்லை, மோட்டார் காயில் எரிந்துவிட்டது’ என்று எழுதினால் செலவு போட முடியும். சாய்தளத்துக்கு உயரத்தைப்போல் 12 மடங்கு நீளம் வேண்டும்: திண்ணை 45 செ.மீ. என்றால் 5.4 மீட்டர். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் முடித்தால் அது சறுக்குமரம்தான், சக்கர நாற்காலி ஏறாது.

சில்லறைப் பழுதுகளைப் பள்ளி மானியத்தில் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட (சமக்ர சிக்ஷா) விதிமுறைப்படி ஆண்டுக்கு 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும். தவணை தள்ளிப்போவதும் உண்டு, முழுத் தொகையையும் ஒரே வேலையில் முடக்காதீர்கள். ஒன்றியப் பள்ளிக் கட்டடம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம்தான் போக வேண்டும்; ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு இல்லாத மனு மேசையிலேயே கிடக்கும்.

புதுமை என்றதும் எல்லோரும் ஸ்மார்ட் போர்டு கேட்கிறார்கள். கேளுங்கள், ஆனால் எர்த் கம்பி, தனி எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), பூட்டும் அறை, இணைய மாதக் கட்டணம், யுபிஎஸ் பேட்டரி மாற்றும் செலவு ஆகியவற்றையும் அதே வரியில் எழுதுங்கள். பேட்டரி மூன்றாம் ஆண்டு வாக்கில் சாகும். அதற்குப் பணம் எழுதாத பள்ளியில் போர்டு உறை போட்டே நிற்கிறது. யார் எந்த வகுப்புக்கு எந்தப் பாடவேளையில் இயக்குவார் என்பதும் திட்டத்தில் இருக்கட்டும்.

ஆண்டுக்கு ஐந்து வேலைக்கு மேல் போடாதீர்கள். குழுத் தலைவர், தலைமை ஆசிரியர் கையெழுத்துடன் கொடுத்து, நகலில் பெறுதல் முத்திரை வாங்குங்கள். ஜனவரி 26 கிராம சபையில் அதையே தீர்மானமாக்கி, தீர்மான எண்ணைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.