ஷவரில் அடைத்த வெள்ளைப் படிவு

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் குடிவந்த ஆறாவது மாதமே எங்கள் ஷவரில் பாதித் துளைகள் அடைத்துவிட்டன. மிச்சத் துளைகளில் வந்த தண்ணீர் தலையைத் தவிர எல்லா இடத்திலும் அடித்தது. பிளம்பர் பார்த்துவிட்டு, புதிதாக வாங்குங்கள் என்றார். எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் குடியிருப்பில் காவிரித் தண்ணீர் இல்லை; போர் தண்ணீரும் டேங்கரும்தான். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் காயக் காய வெள்ளையாகப் படிகிறது. சோப்புத் தூளுக்கு அது அசையாது, புளிப்புக்குத்தான் கரையும்.

முதலில் எலுமிச்சை மூடியால் தேய்த்தேன். மேற்பரப்பு பளபளத்தது, துளைகள் அப்படியே இருந்தன. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகரை ஊற்றி, ஷவர் முகம் முழுகும்படி ரப்பர் பேண்டால் கட்டினேன். ஒரு மணி நேரத்தில் குமிழி விட்டு இளகியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பிடிவாதமான துளைகளை ஊக்கால் குத்தி, குழாயை வேகமாகத் திறந்துவிட்டேன். மணல் மாதிரித் துகள்கள் கொட்டின. பாத்ரூம் நாற்றம்தான் சாயங்காலம்வரை ஊறுகாய் ஜாடி!

கெட்டிலுக்கும் இதே வைத்தியம்: பாதித் தண்ணீர், பாதி வினிகர், ஒரு கொதி, இருபது நிமிடம் ஊறல். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் காபி திரிந்துபோகும்.

மார்பிள் மேடையில் வினிகர் சிந்தக் கூடாது, கல்லையே அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.