தென்னாப்பிரிக்காவில் விசா நீட்டிப்பு: முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா கைக்கு வந்ததும் முதலில் அது முடியும் தேதியைப் பாருங்கள். அங்கிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி, வரும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். நீட்டிப்புக்கான மனு அந்தத் தேதிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விசா முடியும் நாள்வரை அவகாசம் இருக்கிறது என்று நம்பித்தான் டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் புதிதாகக் குடியேறும் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம். விசா பிப்ரவரி 14 அன்று முடிகிறது என்று வையுங்கள். 60 நாள் பின்னால் போனால் டிசம்பர் 16. அது இங்கே அரசு விடுமுறை. அதையொட்டியே கம்பெனிகள் ஆண்டுக் கடைசி விடுப்புக்கு மூடிவிடும். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மனிதவளத் துறை ஆள் ஜனவரியில்தான் திரும்புவார். ஆக, பிப்ரவரியில் முடியும் விசாவுக்கு நவம்பரிலேயே, விசா மனுக்களை அரசுக்காக வாங்கி அனுப்பும் வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் வாங்கியாக வேண்டும். அதற்கான காகிதங்களைச் சேர்க்கும் வேலை ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்க வேண்டும்.

ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வரும் பெற்றோருக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கடியானது. மகளின் பிரசவத்துக்கு வந்த அம்மா கூடுதலாகச் சில வாரம் இருக்க நினைத்தால், வந்த முதல் மாதத்துக்குள்ளேயே நீட்டிப்புக் கேட்டிருக்க வேண்டும். 90 நாளில் 60 போனால் மிஞ்சுவது 30தானே. இப்படி ஒருமுறை மட்டும், அதிகபட்சம் இன்னொரு மூன்று மாதம் தருவார்கள். 30 நாளுக்கும் குறைவான விசா என்றால் மட்டும் முடிவதற்கு 7 வேலை நாள் முன்புவரை மனுக் கொடுக்கலாம்.

எந்த விசா, எதைச் செய்ய விடும்

வேலை விசாவில் முதலாளியின் பெயர் அச்சாகியிருக்கும். வேறு கம்பெனிக்கு மாறினால் அந்த விசா கூடவே வராது. புதிதாக மனுச் செய்து, அனுமதி வந்த பிறகே அங்கே சேர வேண்டும். நாட்டில் ஆள் குறைவாக உள்ள தொழில்களுக்குத் தரும் அரிதிறன் (கிரிட்டிகல் ஸ்கில்ஸ்) விசாவுக்கும் இது பொருந்தும். கம்பெனிக்குள் இடமாற்றமாக வந்தவர்களின் விசா அதிகபட்சம் 4 ஆண்டு, அதற்கு நீட்டிப்பே கிடையாது. இங்கேயே தொடர நினைப்பவர்கள் மூன்றாம் ஆண்டிலேயே வேறு வழியைப் பார்க்கத் தொடங்குங்கள்.

பொது வேலை விசா 2024 அக்டோபரிலிருந்து புள்ளிக் கணக்குக்கு மாறிவிட்டது. 100 புள்ளி தேவை. படிப்பு, அனுபவம், சம்பளம், மொழி, வேலை தருபவரின் தரம் எல்லாம் கூட்டப்படும். அரிதிறன் பட்டியலில் உள்ள தொழில் என்றால் அதற்கே 100 புள்ளியும் கிடைத்துவிடும். முதல்முறை எந்தத் தொழிலின் பெயரில் விசா வந்ததோ, நீட்டிப்பின்போதும் அந்தத் தொழில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் அவ்வப்போது மாறுகிறது.

வேலை விசாவில் வந்தவரின் மனைவி அல்லது கணவருக்குக் கிடைப்பது உடன்வருபவர் விசா. அதில் வேலை செய்ய முடியாது. வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்வதும் தானாக அனுமதிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தென்னாப்பிரிக்கக் குடிமகனை அல்லது நிரந்தர வசிப்புரிமைச் சீட்டு உள்ளவரை மணந்தவர்களின் நிலை வேறு: அவர்களின் துணைவர் விசாவில் வேலைக்கான அனுமதியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் விசாவில் படிப்பு அனுமதி இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது இல்லாத பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்கும் சட்டச் சிக்கல் வரும்.

சுற்றுலா விசாவில் வந்து இங்கேயே வேலை விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொதுவாக அதற்கு ஊர் திரும்பித்தான் மனுச் செய்ய வேண்டும். குடிமக்கள் அல்லது நிரந்தரமாக வசிப்பவர்களின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் உள்ளிருந்தபடியே மாற வழி உண்டு. 2019இல் நந்துட்டு வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

கோயில் நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடிக்கு நாதஸ்வரம், தவில் செட்டை வரவழைத்துச் சன்மானம் கொடுப்பதாக இருந்தால், வேலை அனுமதி சேர்த்த வருகையாளர் விசாவை ஊரிலேயே வாங்கி வரச் சொல்லுங்கள். அதுவும் மூன்று மாதத்துக்குள்தான். சும்மா வருகையாளர் விசாவில் வந்த குருக்களோ ஸ்தபதியோ சம்பளம் வாங்கினால் மாட்டுபவர் அவர் மட்டுமல்ல, வரவழைத்தவரும்தான்.

காகிதங்களை எந்த வரிசையில் எடுப்பது

முதலில் பாஸ்போர்ட். அதன் ஆயுளைத் தாண்டி விசா தரமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஒன்றரை ஆண்டு மட்டும் மிச்சமிருக்க ஐந்தாண்டு விசா கேட்டால் கிடைப்பது ஒன்றரை ஆண்டுக்குத்தான், கட்டணம் மட்டும் முழுசாகப் போகும். ஆகவே பாஸ்போர்ட்டை முன்கூட்டியே புதுப்பியுங்கள். இந்தியர்களுக்கு பிரிட்டோரியாவில் தூதரகமும் ஜோஹன்னஸ்பர்க், டர்பன், கேப்டவுனில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவைப் புதியதற்கு மாற்ற வி.எஃப்.எஸ். வழியாகத் தனி மனு உண்டு. அது முடியும்வரை இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள். இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும்.

அடுத்து நாள்கணக்கில் நகரும் காகிதங்கள். வெளிநாட்டுப் பட்டத்தை சாக்வா என்ற தகுதி ஆணையம் மதிப்பிட்டுத் தர வேண்டும். அரிதிறன் விசாவுக்குத் தொழில் அமைப்பின் பதிவும் சேரும். பொறியாளருக்கு எக்ஸா, கணினித் துறையினருக்கு ஐ.ஐ.டி.பி.எஸ்.ஏ., மருத்துவருக்கு எச்.பி.சி.எஸ்.ஏ. பல்கலைக்கழகம் பதில் போடுவது தாமதமானால் இவை எல்லாம் அப்படியே நின்றுவிடும். இவற்றுக்குக் குறுகிய ஆயுள் கிடையாது, எனவே இவைதான் முதலில்.

போலீஸ் கிளியரன்ஸுக்கும் மருத்துவ அறிக்கைக்கும் நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கைக்கும் ஆயுள் 6 மாதம்தான். ரொம்ப முன்னால் எடுத்தால் மனுக் கொடுக்கும் நாளில் காலாவதி, ரொம்பப் பின்னால் எடுத்தால் வந்து சேராது. மனுத் தேதிக்கு மூன்று, நான்கு மாதம் முன்பு தொடங்குவது சரியாக வரும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எக்ஸ்ரே வேண்டாம்.

18 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் கிளியரன்ஸ் கேட்கப்படலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ சில ஆண்டு இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள் மறப்பது இதைத்தான். அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்குவது எளிது. கிளம்பிய பிறகு கைரேகைத் தாளைத் தபாலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டிவரும். தென்னாப்பிரிக்கக் கிளியரன்ஸுக்கு எந்தப் போலீஸ் நிலையத்திலும் கைரேகை கொடுக்கலாம், சரிபார்ப்பு பிரிட்டோரியாவில் நடக்கும். சிற்ப வேலை, சமையல், கட்டட வேலை செய்பவர்களுக்கு ரேகை தேய்ந்து தெளிவில்லாமல் திரும்பி வருவதுண்டு. அவர்கள் ஒரு மாதம் முன்கூட்டியே கொடுத்து வைப்பது நல்லது.

திருமணச் சான்று பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கோயில் ரசீதும் பத்திரிகையும் போதாது. பிள்ளையின் பிறப்புச் சான்றில் தாய், தந்தை இருவர் பெயரும் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் உள்ள சான்றுக்குப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில ஆக்கம் வேண்டும். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே மொழிபெயர்ப்பையும், சான்று வெளிநாட்டில் செல்ல அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரையையும் ஊரிலேயே முடித்து, ஒரு செட் கூடுதலாகக் கொண்டுவாருங்கள்.

பெயர்: நமக்கே உரிய தலைவலி

நம் பாஸ்போர்ட்டுகளில் ஒன்றில் தந்தை பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொன்றில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். பட்டச் சான்றில் இனிஷியல் மட்டும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். ஒரே வீட்டில் கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர். நமக்கு இது இயல்பு. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கோ மூன்று அந்நியர்கள்.

விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதுங்கள். வேறுபடும் சான்றுகளுக்கு, "இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று ஓர் அஃபிடவிட் செய்துகொள்ளுங்கள். இதற்கு வக்கீல் வேண்டாம். போலீஸ் நிலையத்தில் காசில்லாமல் முத்திரை வைத்துத் தருவார்கள். நகல்களுக்குச் சான்றொப்பமும் அங்கேயே கிடைக்கும். தந்தை பெயர் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று ஒரு பத்தி விளக்கக் கடிதம் சேர்த்தால் இன்னும் நல்லது.

வி.எஃப்.எஸ். மையத்தில்

உள்நாட்டிலிருந்தே நீட்டிக்கவும் நிபந்தனை மாற்றவும் உள்ள படிவம் டி.எச்.ஏ.-1739. ஊரில் நிரப்பிய 1738ஐ மறுபடி நிரப்பிக் கொண்டுபோகாதீர்கள். இணையத்தில் நிரப்பி, நேரம் வாங்கி, நேரில் போக வேண்டும். கைரேகையும் படமும் எடுப்பதால் ஏஜெண்டோ கம்பெனி ஆளோ உங்களுக்குப் பதிலாகப் போக முடியாது. ஆளுக்கு ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) கட்டணம் 1520 ராண்ட், மையத்தின் சேவைக் கட்டணம் 1550 ராண்ட். நான்கு பேர் குடும்பத்துக்கு 12,280 ராண்ட் ஆகிறது, மறுக்கப்பட்டால் திரும்பாது. கட்டும் முன் தொகையை மையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கி அறிக்கை மூன்று மாதத்துக்கு, வங்கியின் முத்திரையோடு இருக்க வேண்டும். கைபேசிச் செயலியில் இறக்கிய வெறும் தாள் செல்லாது. முக்கியமாக, மையத்தில் இருப்பவர்கள் வாங்கி அனுப்புபவர்கள் மட்டுமே. முடிவெடுப்பது ஹோம் அஃபேர்ஸ். ஏதோ குறைகிறது என்று அவர்கள் சொல்லியும் "பரவாயில்லை, அனுப்புங்கள்" என்று கையெழுத்திட்டால், அந்தக் குறையே மறுப்புக்குக் காரணமாக வந்து நிற்கும்.

காத்திருக்கும் காலமும் காலம் கடந்தால் வருவதும்

பதில் மாதக்கணக்கில் இழுப்பது இங்கே சகஜம். மனு நிலுவையில் இருக்கும்போது பழைய விசா முடிந்துவிடலாம். ரசீதைப் பத்திரமாக வைத்து, வங்கிக்கும் கம்பெனிக்கும் நகல் கொடுங்கள். வங்கியின் பதிவில் விசா முடிந்திருந்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள், சம்பளம் உள்ளே போகும், வெளியே வராது.

இந்தக் காலத்தில் ஊருக்குப் போவதுதான் பெரிய ஆபத்து. நிலுவைகள் குவிந்ததால் ஹோம் அஃபேர்ஸ் அவ்வப்போது சலுகைச் சுற்றறிக்கை வெளியிட்டு, ரசீதைக் காட்டி வெளியேறுபவர்களைத் தடைசெய்யாமல் விட்டது. ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு. நடப்பில் ஏதாவது இருந்தால் அதை அச்செடுத்துக் கையில் வையுங்கள். ஆனால் வெளியேற விடுவது வேறு, திரும்ப விடுவது வேறு. இந்தியா, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் நுழைய முடியாது. தங்கை கல்யாணத்துக்கு ரசீதோடு போனவர் திரும்ப வரப் புதிதாக நுழைவு விசா வாங்க வேண்டும். தள்ளிப்போட முடிந்த பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

"அபராதம் கட்டினால் போதும்" என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியாவிலோ பெரியவர் ஒருவர் ஆறுதல் சொல்லலாம். 1860 முதல் வந்து வேரூன்றிய குடும்பங்கள் அவர்களுடையவை. நம்மைத் தம் பிள்ளைகள்போல் நடத்துபவர்கள். ஆனால் அபராத முறை 2014 மே மாதத்தோடு போய்விட்டது. இப்போது காலம் கடந்து தங்கியவரை வெளியேறும்போதே 'விரும்பத்தகாதவர்' என்று அறிவிக்கிறார்கள். 30 நாளுக்குள் என்றால் 12 மாதத் தடை. 24 மாதத்துக்குள் இரண்டாம் முறை என்றால் 2 ஆண்டு. 30 நாளைத் தாண்டினால் 5 ஆண்டு. விமான நிலையத்தில் தரும் படிவத்தை வாங்கிக்கொண்டு, 10 வேலை நாளுக்குள் ஆதாரங்களோடு மின்னஞ்சலில் மேல்முறையீடு செய்யலாம். மருத்துவமனையில் கிடந்தது போன்ற, நம் கையில் இல்லாத காரணத்தால் தேதி தவறியிருந்தால், வெளியேறும்வரை காத்திராமல் ஹோம் அஃபேர்ஸ் குடிவரவு ஆய்வாளரிடம் போய்ப் படிவம் 20 கேளுங்கள். அது கிடைத்தால் இங்கிருந்தபடியே மனுச் செய்யலாம்.

நீட்டிப்பு மனு மறுக்கப்பட்டாலும் அதே 10 வேலை நாள்தான். கடிதத்தில் சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் எழுதி, அதற்கான காகிதத்தை வையுங்கள். கதை முழுவதையும் எழுதினால் சொல்ல வேண்டியது மறைந்துவிடும். ஹோம் அஃபேர்ஸுக்குள் ஆள் இருக்கிறது, நேரில் வரவே வேண்டாம் என்று ஸ்டிக்கர் விற்பவர்களிடம் போகாதீர்கள். போலி விசா இங்கே சிறைக் குற்றம், அதை நம்பி வாங்கினேன் என்பது எளிதில் எடுபடாது.

விசா வந்ததும் உறையைக் கவுன்ட்டரிலேயே பிரியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், முதலாளி பெயர், நிபந்தனை வரி, முடியும் தேதி, ஐந்தையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்த மனுக் கொடுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் முடியும் தேதி வேறுவேறாக வந்திருக்கலாம்; எது முதலில் வருகிறதோ அதிலிருந்து 60 நாளை எண்ணிக் குறித்துவிடுங்கள்.