சதவீதத்துக்கு மல்லுக்கட்டி வரைவிலக்கணத்தில் கோட்டை விடாதீர்கள்: ஆக்கவுரிமைக்கு உரிமம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளிலும் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்திலும் மார்ஷல், சிரோக்கோ என்ற இரண்டு பெயர்களை இயந்திரங்களில் காணலாம். கொழுந்தை உருட்டும் ரோலரை வடிவமைத்தவர் வில்லியம் ஜாக்சன். அதைச் செய்து விற்றது இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவிலிருந்த மார்ஷல் நிறுவனம். சாமுவேல் டேவிட்சன் போனது வேறு வழி. தேயிலை உலர்த்தும் சிரோக்கோ இயந்திரத்தைத் தானே பெல்பாஸ்டில் தொழிற்சாலை அமைத்துச் செய்தார். இன்று ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பட்டறை வைத்திருக்கும் ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், முதலீடு இல்லாததால் பெரும்பாலும் ஜாக்சனின் வழிதான் அவருக்குத் திறந்திருக்கிறது: ஆக்கவுரிமையை (பேட்டன்ட்) கையில் வைத்துக்கொண்டு, செய்து விற்கும் அனுமதியை, அதாவது உரிமத்தை, ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து, அதற்கான பங்குத் தொகையாக ரோயல்டி வாங்குவது. அந்த ஒப்பந்தத்தில் பணம் எங்கெங்கே ஒழுகிப் போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை உதாரணம். பற்றரியில் ஓடும் கொழுந்து பறிக்கும் இயந்திரத்துக்கு, கத்தி எப்போதும் பறிமட்டத்துக்கு மேலேயே நிற்கும்படி ஒரு சறுக்குத் தட்டை ஒருவர் உருவாக்குகிறார். முற்றிய இலையும் காம்பும் கொழுந்தோடு சேராது. சரிவில் நின்று பறிக்கும் பெண்ணின் தோளுக்கும் பாரம் குறையும். கொழும்பு நிறுவனம் ஒன்று அதைக் கேட்டு வருகிறது.

கண்டுபிடிப்பு உங்களுடையதா?

தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராகவோ மின்னியலாளராகவோ வேலை செய்துகொண்டே கண்டுபிடித்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேலை ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், அந்த வேலையைச் செய்யும்போது உருவான கண்டுபிடிப்பு தொழில்தருநருக்கே சேரும். கண்டுபிடிப்பது உங்கள் வேலையாக இல்லாவிட்டாலும், தொழில்தருநரின் தரவையோ கருவிகளையோ பயன்படுத்தியிருந்தால் அதே கேள்வி எழும். அப்போது உங்களுக்கு எஞ்சுவது நியாயமான ஊதியம் கேட்கும் உரிமை மட்டும். தோட்டத்து லேத்தில் கடைந்து, தோட்டத்து மலையில் பரீட்சித்த கருவிக்கு உங்கள் பெயரில் மட்டும் உரிமம் கொடுத்தால், இரண்டாம் வருடத்தில் தோட்டக் கம்பனியின் கடிதம் வரக்கூடும். முகாமைத்துவத்திடமிருந்து எழுத்தில் ஒரு விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள். அதை வாங்க நல்ல நேரம், கருவிக்கு இன்னும் விலை ஏறாத நேரம்.

எல்லாவற்றுக்கும் ஆக்கவுரிமை கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். புதிய தேயிலை இனம் ஒன்றை எவ்வளவு பாடுபட்டு உருவாக்கினாலும், இந்தச் சட்டத்தில் தாவரங்களுக்கு ஆக்கவுரிமை இல்லை.

விண்ணப்பிக்க முன்னர் காட்டுவது

தோட்ட அதிகாரிகளைக் கூப்பிட்டுச் செய்து காட்டுவது, கண்காட்சியில் வைப்பது, பேஸ்புக்கில் வீடியோ போடுவது எல்லாமே பகிரங்கப்படுத்தல்தான். இலங்கைச் சட்டம் இதில் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், விண்ணப்பத் திகதிக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் நடந்த வெளியீடு கணக்கில் எடுக்கப்படாது. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான சலுகை கிடையாது. அங்கே அந்த வீடியோவே உங்கள் விண்ணப்பத்தை முடித்துவிடும்.

ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு வேறு. கொழும்பில் பதிந்த உரிமை கோயம்புத்தூரில் செல்லாது. அங்கே ஒருவர் அதே தட்டைச் செய்து நீலகிரிக்கும் அசாமுக்கும் விற்றால் தடுக்க வழியில்லை. இலங்கையில் விண்ணப்பித்து 12 மாதத்துக்குள், அதே முன்னுரிமைத் திகதியுடன், அதாவது இலங்கையில் விண்ணப்பித்த நாளையே கணக்கில் கொண்டு, இந்தியாவிலோ கென்யாவிலோ விண்ணப்பிக்கலாம். அந்த 12 மாதத்துக்குள்ளேயே ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் கீழ் சர்வதேச விண்ணப்பம் ஒன்றைப் போட்டால், நாடு நாடாகச் செலவு செய்யும் வேளையைப் பொதுவாக முன்னுரிமைத் திகதியிலிருந்து 30 மாதம் வரை தள்ளிப்போடலாம். உரிமம் வாங்க வருபவரிடம் பேச இந்த இடைவெளி மிக உதவியானது. வெளிநாட்டுச் செலவை அவரே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். 12 மாதத்தைத் தவறவிட்டவரிடம் பேரம் பேச ஒரு நாடுதான் மிஞ்சும்.

எதைக் கொடுக்கிறீர்கள் என்று எழுதாமல் விடுவது

“எனது கண்டுபிடிப்பைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்” என்ற ஒரே வரியில் கையெழுத்திடுபவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் பேசாத இடத்தைச் சட்டம் நிரப்பும். எதிர்மாறாக எழுதப்படாவிட்டால், உரிமம் பெற்றவர் இலங்கை முழுவதும், கால எல்லையின்றி, எல்லாப் பயன்பாட்டுக்கும் அதை உபயோகிக்கலாம். உங்களுக்குச் சாதகமான பக்கமும் உண்டு: எழுதாவிட்டால் அது தனியுரிமை (அவருக்கு மட்டுமேயான உரிமம்) ஆகாது, அவர் இன்னொருவருக்கு உப உரிமம் கொடுக்கவும் முடியாது. ஆனாலும் சட்டத்தின் கையில் விட்டுவிடாமல் நீங்களே எழுதுங்கள்: எந்த ஆக்கவுரிமை இலக்கம், செய்வதற்கா, விற்பதற்கா, இரண்டுக்குமா, எந்த நாடு, தேயிலைக்கு மட்டுமா அல்லது வேலி மரம் வெட்டும் கருவிக்குமா, எத்தனை வருடம்.

ஆக்கவுரிமைப் பத்திரம் யாரும் படிக்கக்கூடிய ஆவணம். நிறுவனத்துக்கு அதைவிட அதிகம் தேவைப்படுவது அதில் இல்லாத விடயங்கள்: கத்தியை எந்தச் சூட்டில் பதப்படுத்துவது, தட்டின் வளைவை மாறாமல் எடுக்கும் அச்சு, ஈர இலை ஒட்டாமலிருக்க என்ன பூச்சு. இந்தச் செய்முறை அறிவைத் தனி அட்டவணையாக்கித் தனி விலை வையுங்கள். வெளியிடப்படாத தகவலுக்கும் 2003 சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, ஆனால் நீங்கள் அதை இரகசியமாகக் காத்திருந்தால்தான். இரகசியக் காப்பு உடன்படிக்கை கையெழுத்தாக முன்னர் பட்டறைக்குள் கூட்டிப்போய்ப் படம் எடுக்க விட்டால், விற்க வேண்டியதை இலவசமாகக் கொடுத்ததாகிவிடும்.

எதன் மீது எத்தனை சதவீதம்?

பேரம் பேசும் மேசையில் எல்லோரும் 3 சதவீதமா 5 சதவீதமா என்றுதான் மோதுகிறார்கள். அந்தச் சதவீதம் எதன் மீது என்ற வரியை யாரும் வாசிப்பதில்லை. எங்கள் பார்வையில் ஒப்பந்தத்தின் உயிரே அந்த வரிதான்.

உதாரண நிறுவனம் வருடத்துக்கு 300 இயந்திரங்களை 120,000 ரூபாவுக்கு விற்கிறது என்று வைப்போம். மொத்த விற்பனை 36,000,000 ரூபா. விற்பனை விலையில் 4 சதவீதம் என்றால் உங்களுக்கு 1,440,000 ரூபா. “தேறிய இலாபத்தில் 4 சதவீதம்” என்று எழுதியிருந்து, கம்பனி தன் கணக்கில் விற்பனையின் 6 சதவீதத்தை இலாபமாகக் காட்டினால், இலாபம் 2,160,000, உங்கள் பங்கு 86,400 ரூபா. அதே இயந்திரம், அதே 4 சதவீதம். இலாபம் என்பது பணிப்பாளர் சம்பளம், வட்டி, வாகனச் செலவு எல்லாம் கழித்து மற்றவர் எழுதும் எண். அதன் மீது ஒருபோதும் ரோயல்டி பேசாதீர்கள்.

விற்பனை விலை என்று எழுதினாலும் ஓட்டைகள் இருக்கும். 120,000 ரூபா விற்பனைப் பட்டியலை (இன்வொயிஸை) இயந்திரம் 70,000, பற்றரி 30,000, பயிற்சி 20,000 என்று மூன்றாகப் பிரித்துப் போட்டால், ரோயல்டி 70,000 மீது மட்டும் வரும். ஓர் இயந்திரத்துக்கு 4,800 ரூபா 2,800 ஆகிவிடும். தன் சகோதரக் கம்பனிக்கு 60,000 ரூபாவுக்கு விற்று, அந்தக் கம்பனி சந்தையில் 120,000 ரூபாவுக்கு விற்றால் இன்னும் குறையும். ஆகவே இப்படி எழுதுங்கள்: சேர்த்து விற்கப்படும் எல்லாவற்றோடும், தொடர்பற்ற முதல் வாங்குநரிடம் பெறும் விற்பனைப் பட்டியல் விலை, கழிக்கக்கூடியவை விற்பனை வரியும் உண்மையில் திரும்பி வந்த பொருட்களின் விலையும் மட்டும். இன்னும் எளிது, இயந்திரத்துக்கு இத்தனை ரூபா என்ற நிலையான தொகை. ஆனால் ரூபாவின் பெறுமதி 2022இல் விழுந்ததை மறக்க வேண்டாம். விலை உயரும்போது அந்தத் தொகையும் உயர ஒரு வழி வைக்க வேண்டும்.

இயந்திரத்துக்குப் பதிலாகச் செய்முறைக்கு உரிமம் கொடுப்பவர்கள், உதாரணமாக வாட்டும் தொட்டியின் காற்றைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, கிலோவுக்கு இத்தனை சதம் என்று பேசுவார்கள். எந்தக் கிலோ? நாளொன்றுக்கு 10,000 கிலோ பச்சைக் கொழுந்து எடுக்கும் தொழிற்சாலையில், கிலோவுக்கு 50 சதம் என்றால் கொழுந்துக் கணக்கில் 5,000 ரூபா. கொழுந்திலிருந்து தயாரித்த தேயிலை சுமார் 21.5 சதவீதம்தான் கிடைக்கும், அதாவது 2,150 கிலோ. அந்தக் கணக்கில் 1,075 ரூபா. ஒரு சொல் விடுபட்டதால் நாலரை மடங்கு வித்தியாசம்.

வரைவிலக்கணம் சரியாக இருந்தாலும் சரிபார்க்கும் வழி இல்லாவிட்டால் பயனில்லை. ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 30 நாளுக்குள், தொடரிலக்கங்களோடு விற்பனை அறிக்கை தர வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் தொடரிலக்கம் பொறிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்; நானுஓயாவில் ஓடும் இயந்திரத்தின் இலக்கம் அறிக்கையில் இல்லையென்றால் அதுவே சான்று. வருடத்துக்கு ஒரு முறை கணக்காளரை அனுப்பிப் பார்க்கும் உரிமை வேண்டும். குறைவு 5 சதவீதத்துக்கு மேல் போனால் அந்தச் செலவை அவர்கள் ஏற்பது வழக்கம். ரோயல்டியிலிருந்து நிறுத்திவைக்கும் வரி கழிக்கப்படுமானால், கழித்ததற்கான சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும் என்றும் ஒரு வரி போடுங்கள்.

தனியுரிமை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது

இதுதான் மனதை மிகவும் வருத்தும் தவறு. ஏற்கெனவே வேறு இயந்திரத்தை இறக்குமதி செய்து விற்கும் நிறுவனம் ஒன்று, உங்களிடம் தனியுரிமை வாங்கி அலுமாரியில் வைத்துவிடலாம். விற்பனை பூச்சியம் என்றால் 4 சதவீதமும் பூச்சியம். நீங்கள் வேறொருவருக்கும் கொடுக்க முடியாது. 20 வருட ஆயுள் விண்ணப்பத் திகதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

தனியுரிமை கேட்பவரிடம் மூன்றைக் கேளுங்கள். கையெழுத்தின்போது ஒரு தொகை. விற்றாலும் விற்காவிட்டாலும் வருடாந்தம் தர வேண்டிய குறைந்தபட்ச ரோயல்டி. அடுத்தது கால எல்லைகள்: ஆறு மாதத்தில் மாதிரி இயந்திரம், ஒரு வருடத்தில் முதல் 50 விற்பனை. தவறினால் தனியுரிமை தானாகவே சாதாரண உரிமமாக மாற வேண்டும். மாதிரியைப் பரீட்சிக்கும் இடத்தையும் குறிப்பிடுங்கள். கீழ்நாட்டுச் சமதரையில் ஓட்டிப் பார்த்து “நன்றாக இருக்கிறது” என்பது டிக்கோயாவின் செங்குத்துச் சரிவுக்கும் மழைக்கால ஈரக் கொழுந்துக்கும் பொருந்தாது.

நிறுவனத்தின் பொறியியலாளர் தட்டை இன்னும் இலகுவாக்கினால் அது யாருக்கு? எழுதாவிட்டால் மேம்படுத்தியவருக்குத்தான், உங்கள் சொந்த இயந்திரத்தின் நல்ல வடிவத்தையே நீங்கள் செய்ய முடியாமல் போகலாம். மேம்பாடு அவர்களுடையதாக இருக்கட்டும், ஆனால் நீங்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு இரு பக்கமும் ஏற்கக்கூடியது.

பத்திர வேலைகள்

உரிம ஒப்பந்தம் எழுத்தில், இரு தரப்பின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பதிவேட்டிலும் பதியுங்கள். ஆக்கவுரிமையை உயிரோடு வைக்கும் வருடாந்தக் கட்டணத்தை யார் கட்டுவது, பற்றுச்சீட்டை எப்போது மற்றவருக்கு அனுப்புவது என்றும் எழுதுங்கள். கட்டாமல் விட்டால் உரிமை காலாவதியாகும், அதோடு வருமானமும். அறிவித்தல்களுக்கு லயத்து முகவரியைக் கொடுக்காதீர்கள். தோட்ட அலுவலகம் வழியாக வரும் கடிதம் எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. சட்டத்தரணியின் முகவரியைக் கொடுங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் என்றால், வரைவிலக்கணப் பகுதியையும் கட்டணப் பகுதியையும் தமிழில் எழுத்தில் கேட்டு வாங்கிய பின்னரே கையெழுத்திடுங்கள். கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு வழக்குத் தவணைகளுக்குப் போய்வர முடியாதவர்கள் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் நடுத்தீர்ப்பையும் (நீதிமன்றத்துக்குப் பதிலாக, இரு தரப்பும் ஏற்கும் நடுவரின் தீர்ப்பு), அமர்வு கண்டியில் என்பதையும் கேட்கலாம்.

உரிமம் வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. பதிவேட்டில் உரிமையாளரின் பெயரையும் கட்டணம் கட்டப்பட்டுள்ளதையும் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் மட்டும் இருந்தால், அது நிராகரிக்கப்படும்போது பணம் என்னவாகும் என்று எழுதுங்கள். ஆக்கவுரிமை முடிந்த பிறகும் ரோயல்டி தொடரும் என்ற வாசகத்தையும் கவனியுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் புருலட் வழக்கிலும் மீண்டும் 2015இல் கிம்பிள் வழக்கிலும் அப்படிப்பட்ட ரோயல்டி செல்லாது என்றது. அதனால்தான் செய்முறை அறிவுக்குத் தனி விலை வைக்கச் சொன்னோம். அமெரிக்காவிலும் அந்தப் பகுதிக்கு இந்தத் தடை இல்லை.

கடைசியாக, முடிவுறுத்தல். எத்தனை நாள் பணம் தாமதித்தால் உரிமம் முறியும், கையிருப்பிலுள்ள இயந்திரங்களை எத்தனை மாதத்துக்குள் ரோயல்டி கட்டி விற்று முடிக்கலாம், அச்சுகளும் வரைபடங்களும் எந்தத் திகதியில் திரும்பி வர வேண்டும் என்று எழுதுங்கள். ஏற்கெனவே வாங்கிய தோட்டங்களுக்கு உதிரிக் கத்தி யார் கொடுப்பது என்பதையும் சேருங்கள். ஒப்பந்தம் முறிந்தாலும் மலையில் அந்த இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.