வரிகளை இணைக்கும்போது சறுக்கும் இடங்கள்

கட்டளை வரியில் கோப்பின் வரிகளை ஒன்று சேர்க்க வேண்டுமென்றால் பலருக்கும் கை முதலில் செட் (sed, உரையைத் திருத்தும் கட்டளை) பக்கம்தான் போகும். நியூலைனை, அதாவது வரி முடிவதைக் காட்டும் மறைகுறியை, இடைவெளியாக மாற்றச் சொல்வார்கள். பிழைச்செய்தி வராது, எதுவும் மாறவும் மாறாது. செட் ஒவ்வொரு வரியையும் எடுக்கும்போதே அதன் நியூலைனைக் கழற்றிவிடுகிறது. அச்சிடும்போதுதான் திரும்ப ஒட்டுகிறது. தேடும் நேரத்தில் அது அங்கே இருப்பதே இல்லை. செட்டின் பெரிய 'என்' (N) கட்டளையால் அடுத்த வரியையும் உள்ளே இழுத்தால்தான் நடுவில் நியூலைன் அகப்படும். ஆனால் வரிகள் ஒற்றைப்படையாக இருந்தால், குனு செட் (லினக்ஸில் வழக்கமாக இருப்பது) கடைசி வரியை அச்சிடும். வேறு சில செட்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். '$!என்' ($!N, கடைசி வரியில் மட்டும் 'என்' வேண்டாம் என்று பொருள்) என்று எழுதினால் அந்த வரி எங்கும் தப்பிக்கும்.

கோப்பு முழுவதையும் ஒரே வரியாக்க டிஆர் (tr, ஓர் எழுத்தை இன்னொன்றாக மாற்றும் கட்டளை) போதுமே என்று தோன்றும். 10, 20, 30, 40 என நான்கு வரிகள் உள்ள கோப்பில் நியூலைனைக் காற்புள்ளியாக்கினால் '10,20,30,40,' என்று வால் ஒன்று தொங்கும். கடைசி நியூலைனும் போய்விடுவதால் ஷெல் பிராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குறி) அதே வரியில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு 'பேஸ்ட் -எஸ் -டி ,' (paste -s -d ,) தான் சரி; '-டி' க்குப் பின் வருவது பிரிப்பான். '-எஸ்' விட்டுப்போனால் வரிகள் இணையாது. மேக்கில் பைப் வழியாக, அதாவது வேறொரு கட்டளையிலிருந்து நேராக, உரை வந்தால் இறுதியில் ஒற்றை '-' கட்டாயம். லினக்ஸிலும் அதைப் போடுவதால் கெடுதல் இல்லை.

பேஸ்டிலும் ஒரு பொறி உண்டு. காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து வரட்டும் என்று '-டி' க்கு இரண்டையும் கொடுத்தால் கிடைப்பது '10,20 30,40'. கொடுத்த எழுத்துகளை அது முறைவைத்து, ஒரு முறைக்கு ஒன்றாகத்தான் போடும். இரண்டெழுத்துப் பிரிப்பான் வேண்டுமென்றால் ஆக் (awk, உரையை வரிவரியாகக் கையாளும் கட்டளை) நல்லது. அங்கே அச்சிட உதவும் பிரிண்ட்எஃப்புக்கு (printf) வரியை நேரடியாகக் கொடுக்காதீர்கள். உரையில் % குறி வந்தால் அதை வடிவக்குறியாக எடுத்துக்கொள்ளும். '%எஸ்' (%s) வழியாகவே அனுப்புங்கள்.

எல்லாம் சரியாக எழுதியும் பாதி உரை காணாமல் போனதுபோல் தெரிகிறதா? கோப்பு விண்டோஸில் பிறந்ததாக இருக்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் உள்ள கேரேஜ் ரிட்டர்ன் கர்சரைத் தொடக்கத்துக்கு இழுப்பதால், அடுத்த வரி முந்தையதன் மேலேயே எழுதப்படுகிறது. லினக்ஸில் மறைகுறிகளைக் காட்டும் 'கேட் -ஏ' (cat -A, பெரிய ஏ) போட்டுப் பாருங்கள். வரிகள் '^எம்$' (^M$) என்று முடிந்தால் முதலில் 'டிஆர் -டி' யால் (tr -d '\r') அந்தக் கேரேஜ் ரிட்டர்னை நீக்கிவிட்டு இணையுங்கள்.

விடையை '>' மூலம் அதே கோப்புக்கே திருப்பவும் வேண்டாம். கட்டளை படிக்கத் தொடங்குமுன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். தற்காலிகக் கோப்பில் எழுதி, திறந்து பார்த்த பிறகு பெயர் மாற்றுங்கள்.