தெருவில் கொசுப்புழு எங்கே இருக்கிறது? கூகுள் ஷீட்டில் போட்டுப் பாருங்கள்

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் காய்ச்சல் கிளம்பிவிடும், தெரு வாட்ஸாப் குழுவில் யாருக்குக் காய்ச்சல் என்ற பேச்சுதான் ஓடும். அதற்கு முன்னாலேயே எந்த வீட்டில் புழு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள், ஞாயிறு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கூகுள் ஃபார்ம், அதாவது ஃபோனிலேயே நிரப்பும் படிவம். அதை ஒரு ஷீட்டோடு இணைத்துவிட்டால் பதில்கள் அதில் வந்து சேரும். கதவு எண், எந்தப் பாத்திரம், புழு உண்டா, கொட்டியாச்சா, இந்த நாலு கேள்வி போதும். ஃபோட்டோ கேட்காதீர்கள், ஃபோட்டோ ஏற்ற வேண்டுமென்றால் ஜிமெயிலில் உள்நுழையச் சொல்லும், பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். லிங்கைக் குழுவில் போடுங்கள், ஃபோன் பழக்கமில்லாத பெரியவர்கள் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்து நிரப்பட்டும்.

பார்க்கும்போது டார்ச் அடியுங்கள். மேலே மூச்சுக்கு வந்து தொங்கும் புழு வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே போகும், அதுதான் அடையாளம். ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டு, மூடி சரியாக உட்காராத சின்டெக்ஸ், மாடியில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி எதையும் விடக் கூடாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஷீட்டில் வரும் கணக்கு எளிது: 40 வீடு பார்த்து 6 வீட்டில் புழு என்றால் 15 சதவீதம், சுகாதாரத் துறையினர் ஹவுஸ் இண்டெக்ஸ் என்பது இதைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது எந்தப் பாத்திரம் திரும்பத் திரும்ப வருகிறது என்பது. ஒரே தெருவில் சிமென்ட் தொட்டியே வந்துகொண்டிருந்தால், அந்தத் தொட்டிகளுக்கு மூடியோ வலையோ போடும் வேலையை முதலில் பாருங்கள்.

காய்ச்சல்காரர் பெயர், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எதையும் இதில் ஏற்ற வேண்டாம், அது அவரவர் சொந்த விஷயம். காய்ச்சல் என்றால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம், ஆஸ்பிரினும் ஐப்யூபுரூஃபனும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

அப்புறம் ஷீட்டைக் கதவு எண் வரிசையில் அடுக்கி, உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளருக்கு அனுப்புங்கள். மருந்து ஊற்ற வருகிறவர்கள் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தேடாமல் நேராகப் போவார்கள். அவர்கள் வந்து போன வீடுகளை அடுத்த ஞாயிறு மறுபடி பாருங்கள், புழு இருந்தால் அதையும் அதே வரியில் பதியுங்கள்.