புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு: மரபணுப் பரிசோதனையை எப்படிக் கேட்பது, எப்படிப் படிப்பது

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றிய பிறகு கையில் சேரும் காகிதங்களில் இரண்டை ஒரே கோப்பில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, எடுத்த சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய திசு ஆய்வு அறிக்கை. மற்றது, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுக்கும் முதல் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை முடிவு. நோய் திரும்பி வருமா என்ற அச்சத்தில் பலர் நேராக மரபணுப் பரிசோதனைக்குத்தான் ஓடுகிறார்கள். ஆனால் மரபணு சொல்லும் செய்தி இவ்விரண்டு காகிதங்களோடு சேரும்போதுதான் பொருள் தருகிறது என்பதால், முதலில் இவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திசு ஆய்வு அறிக்கையில் நான்கு இடங்களைத் தேடுங்கள். முதலாவது, புற்றணுக்களின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண். அதில் முதல் எண் திசுவில் அதிகமாகத் தென்படும் அணு அமைப்புக்கு உரியது: கூட்டினால் 7 வரும் இருவருக்குள்ளும் 3+4 என்று எழுதப்பட்டவரைவிட 4+3 என்று எழுதப்பட்டவருக்கு நோய் வீரியமானது, ஆகவே கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. அடுத்தது வெட்டு விளிம்பு. ஆய்வகத்தில் சுரப்பியை நறுக்குவதற்கு முன் அதன் மேற்பரப்பு முழுவதும் மை பூசுவார்கள். புற்றணுக்கள் அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால், கத்தி பட்ட இடத்துக்கு அப்பாலும் சில அணுக்கள் உடலில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. சுரப்பியின் உறையைத் தாண்டியதா, விந்துப்பைக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ சென்றதா என்பவை மற்ற இரண்டு.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் அணுக்கள் சுரக்கும் புரதம். இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் என்பதால், சுரப்பியே இல்லாத உடலில் சில வாரங்களுக்குள் அது ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். அறிக்கையில் 0.1 நானோகிராமுக்குக் கீழ் என்று வந்தால் நிம்மதி. பின்னர் 0.2 அல்லது அதற்கு மேல் ஏறி, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால், அதையே ரத்த அளவில் நோய் திரும்பியதாக மருத்துவர்கள் பொதுவாகக் கணக்கில் எடுக்கிறார்கள். எண்ணைவிட அது ஏறும் வேகம் முக்கியம். ஜனவரியில் 0.2 இருந்தது ஜூலையில் 0.4 ஆனால் இரட்டிப்பாக ஆறு மாதம்தான் ஆகியிருக்கிறது, அதே 0.2 ஓராண்டில் 0.25 ஆனால் இரட்டிப்பாக மூன்று ஆண்டுக்கும் மேல் ஆகும். இவ்விருவரின் நிலையும் ஒன்றல்ல. இந்தக் கணக்கு தவறாமல் இருக்க, எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பரிசோதியுங்கள்.

பி.எஸ்.ஏ. ஏறியதுமே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட 1,997 பேரைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஆய்வில், பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கியதிலிருந்து உடலின் வேறிடத்தில் நோய் தென்படுவதற்கு இடைநிலைக் கணக்கில் எட்டு ஆண்டுகள் ஆயின. யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

இனி மரபணு. இந்தச் சொல்லால் இரண்டு வெவ்வேறு பரிசோதனைகளைக் குறிக்கிறார்கள். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பெற்றோரிடமிருந்து வந்து உடலின் எல்லா அணுக்களிலும் இருக்கும் மாற்றத்தை ரத்தத்திலோ உமிழ்நீரிலோ பார்ப்பது ஒன்று. கட்டிக்குள் மட்டும் பிற்பாடு ஏற்பட்ட மாற்றங்களை, எடுத்த கட்டியிலேயே பார்ப்பது மற்றொன்று. முன்னது குடும்பத்தையும் தொடும். பின்னது நோயாளியோடு நின்றுவிடும். மருத்துவரிடம் கேட்கும்போது எதைக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பரம்பரை மாற்றங்களில் அதிகக் கவனத்துக்குரியது பி.ஆர்.சி.ஏ.2. அறுந்த டி.என்.ஏ. இழையைப் பிழையின்றி ஒட்டுவது இந்த மரபணுவின் வேலை. அது பழுதானால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். இம்மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் வீரியமாக இருப்பதும், அறுவைக்குப் பிறகும் பரவும் வாய்ப்பு கூடுவதும் ஆய்வுகளில் தெளிவாகியுள்ளன. பி.ஆர்.சி.ஏ.1, ஏ.டி.எம்., செக்2, பால்பி2, ஹாக்ஸ்பி13 ஆகியவையும் பட்டியலில் உண்டு. 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களில் 11.8 விழுக்காட்டினருக்கு டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் மரபணுக்களில் பரம்பரை மாற்றம் இருந்தது. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: நோய் திரும்பியவர்களில் பெரும்பாலோருக்குப் பரம்பரை மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே ரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்தாலும் பி.எஸ்.ஏ. பார்ப்பதை நிறுத்தக் கூடாது.

மரபணு ஆலோசகரிடம் செல்வதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை வரையுங்கள். இதுதான் செலவில்லாத, ஆனால் பலரும் அவசரத்தில் தாண்டிப்போகும் வேலை. தந்தை வழியோடு தாய் வழியையும் எழுத வேண்டும், ஆண்களோடு பெண்களையும் எழுத வேண்டும், ஏனெனில் பி.ஆர்.சி.ஏ.2 பெண்களிடம் மார்பகப் புற்றாகவும் சினைப்பைப் புற்றாகவும் வெளிப்படுகிறது. நம் குடும்பங்களில் அத்தை எதனால் இறந்தார் என்று கேட்டால் ‘வயிற்றில் கட்டி’ என்று மட்டும்தான் பதில் வரும். எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று வீட்டில் மூத்தவர்களிடம் பொறுமையாகக் கேட்டு எழுதுங்கள். ஐம்பது வயதுக்குள் வந்த மார்பகப் புற்று ஒன்று அந்தத் தாளில் இருந்தால் அதைக் கோடிட்டுக் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும், நோய் வீரியமானதாகவோ நிணநீர்க் கணுக்களில் பரவியதாகவோ இருந்தால் பரிசோதனையைக் கேட்பதற்கு அதுவே போதிய காரணம்.

முடிவு மூன்று விதமாக வரும்: தீங்கான மாற்றம் உண்டு, இல்லை, அல்லது பொருள் இன்னும் தெளிவாகாத மாற்றம். மூன்றாவது வந்தால் அதை வைத்து எந்தச் சிகிச்சை முடிவும் எடுக்க வேண்டாம், உறவினர்களையும் பதற வைக்க வேண்டாம்; இத்தகைய மாற்றங்களில் பல பின்னாளில் தீங்கற்றவை என்று மறுவகைப்படுத்தப்படுகின்றன.

கட்டியைப் பரிசோதிக்க மறுபடி ஊசி குத்தத் தேவையில்லை. அறுவையில் எடுத்த திசு சிறு மெழுகுக் கட்டிகளாக மருத்துவமனையின் நோயியல் துறையில் இருக்கும். நோயாளி எழுதிக் கேட்டால் பெறலாம். அதைக் கொண்டு செய்யும் டிசைஃபர் என்ற பரிசோதனை 22 மரபணுக் குறியீடுகளின் செயல்பாட்டை அளந்து 0 முதல் 1 வரை மதிப்பெண் தருகிறது, 0.6க்கு மேல் இருந்தால் பரவும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். பி.டென் என்ற மரபணு கட்டியில் இழக்கப்பட்டிருப்பதும் மோசமான குறிகளில் ஒன்று. கட்டியில் பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் தென்பட்டால், அது பரம்பரையானதா என்பதை ரத்தத்திலும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவற்றால் எது மாறும் என்று செலவு செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். பி.எஸ்.ஏ. ஏறினால் புராஸ்டேட் இருந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம், அதை 0.5ஐத் தாண்டும் முன்பே தொடங்கினால் பலன் கூடுதல். மரபணு மதிப்பெண் அதிகமானால் அத்துடன் ஹார்மோன் சிகிச்சையைச் சேர்ப்பது பற்றிப் பேச இடமுண்டு. குறைவாக இருந்தால் அந்தச் சிகிச்சையின் சோர்வையும் எலும்புத் தேய்மானத்தையும் தவிர்க்க வழியுண்டு. நோய் முற்றிய கட்டத்துக்குப் போனால், பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உள்ளவர்களுக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓலாபாரிப் என்ற மாத்திரை ஒரு வழியாகிறது.

தீங்கான பரம்பரை மாற்றம் உறுதியானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சென்றிருக்க ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு, மகளுக்கும் மகனுக்கும் சமமாக. உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்கள் இன்னொன்றையும் கருத வேண்டும்: கணவன், மனைவி இருவரிடமும் பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் இருந்தால், குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடும் நோய் வரக்கூடும். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல், மாற்றத்தின் முழுப் பெயர் அச்சாகியுள்ள பக்கத்தை நகலெடுத்துக் கொடுங்கள். அந்த வரி கையில் இருந்தால் அவர்களின் ஆய்வகம் குறிப்பாக அந்த ஓரிடத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடும். மாற்றம் இருக்கும் மகன் நாற்பது வயதிலேயே பி.எஸ்.ஏ. பார்க்கத் தொடங்கலாம், மகள் மார்பகப் பரிசோதனையை எப்போது தொடங்குவது என்று தன் மருத்துவரிடம் இப்போதே பேசலாம்.